மருத்துவக் குழுவில் மருந்தாளுநர்: எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது, எப்படிச் சொல்வது

மருந்துச்சீட்டு எழுதி முடிந்து, அது மருந்தகத்துக்கு வந்து சேர்ந்த பிறகு அதில் ஒரு பிழை கண்ணில் பட்டால் என்ன நடக்கும்? மருந்தாளுநர் டாக்டரைத் தேடிப் போன் போடுவார். டாக்டர் அதற்குள் வேறொரு நோயாளியிடம் இருப்பார், அல்லது ஆபரேஷன் தியேட்டருக்குள் போயிருப்பார். செவிலியர் மருந்துக்காகக் காத்திருப்பார். நோயாளிக்கு ஒரு வேளை தள்ளிப்போகும். அதே விஷயத்தை, டாக்டர் பேனாவை எடுக்கும்போது பக்கத்தில் நின்று சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். மருந்தாளுநரைக் குழுவில் சேர்ப்பதன் சாரம் இதுதான்: எழுதிய பிறகு சரிபார்த்துக்கொண்டிருந்தவர், முடிவெடுக்கும் நேரத்தில் அந்த இடத்தில் இருக்க வேண்டும்.

இது வெறும் நம்பிக்கை இல்லை. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றில், மருந்தாளுநர் ஒருவர் காலை ரவுண்ட்ஸில் டாக்டர்களோடு சேர்ந்து நடந்தார். மருந்து எழுதுவதில் நேர்ந்து, தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள், 1000 நோயாளி-நாட்களுக்கு (ஒரு நோயாளி வார்டில் இருக்கும் ஒரு நாள் ஒரு நோயாளி-நாள்) 10.4 என்பதிலிருந்து 3.5 ஆகக் குறைந்தன. அவர் சொன்ன 366 யோசனைகளில் 362-ஐ டாக்டர்கள் ஏற்றுக்கொண்டார்கள். 1999-ல் வெளியான இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கடைசி எண்தான். சரியான நேரத்தில், சரியான இடத்தில் சொன்னால் கேட்கிறார்கள்.

முதன்முறையாக ஒரு குழுவில் சேரப்போகும் மருந்தாளுநருக்காக இதை எழுதுகிறேன். அவரைச் சேர்த்துக்கொள்ளும் மருத்துவரும் வார்டு பொறுப்பாளரும் செய்ய வேண்டியவையும் இடையில் வரும்.

1. சேருமுன் ஒரு பக்கத் தாள்

"வாங்க, வந்து பாருங்க" என்ற அழைப்பை மட்டும் நம்பி வார்டுக்குள் போகாதீர்கள். உங்கள் பொறுப்பு என்ன என்பது ஒரே ஒரு பக்கத்தில் எழுதப்பட்டு, குழுவின் தலைமை மருத்துவர் கையெழுத்து அதில் இருக்க வேண்டும். அதில் மூன்று விஷயம் போதும். யாரையும் கேட்காமல் நீங்களே செய்யக்கூடியவை, டாக்டரிடம் சொல்லி ஒப்புதல் வாங்கிச் செய்ய வேண்டியவை, நீங்கள் தொடவே கூடாதவை. நரம்பு வழியாகப் போகும் ஆன்டிபயாடிக்கை மாத்திரையாக மாற்றுவது, சிறுநீரகத் திறனுக்கேற்ப டோஸைத் திருத்துவது, மருந்தின் ரத்த அளவைப் பார்க்கப் பரிசோதனை எழுதுவது ஆகியவை எந்தப் பட்டியலில் வரும் என்பதை முதலிலேயே பேசித் தீர்த்துவிடுங்கள்.

சட்டம் எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் கூடுதல் பயிற்சி பெற்ற மருந்தாளுநர்கள் 2006 முதல் தாங்களே மருந்து எழுதலாம். அமெரிக்காவில், மருத்துவரும் மருந்தாளுநரும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, அதன் வரம்புக்குள் மருந்தைத் தொடங்கவும் மாற்றவும் முடியும். அப்படி ஒரு ஒப்பந்தம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த ஓர் ஆய்வு நல்ல சாட்சி. ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராத 319 கறுப்பின ஆண்களை, அவர்கள் வழக்கமாகப் போகும் 52 முடிதிருத்தகங்களிலேயே ஆய்வில் சேர்த்தார்கள். ஒரு பகுதியினரை மருந்தாளுநர்கள் அங்கேயே சந்தித்து, டாக்டர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி மருந்து எழுதினார்கள். ஆறு மாதத்தில் அவர்களுடைய மேல் அளவு சராசரியாக 27 புள்ளி இறங்கியது. வாழ்க்கைமுறை அறிவுரையும் டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்ற ஊக்கமும் மட்டும் பெற்றவர்களுக்கு இறங்கியது 9.3. 2018-ல் வெளிவந்த முடிவு இது. குழு என்றால் எல்லோரும் ஒரே கட்டடத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. யார் எதைச் செய்யலாம் என்பது தெளிவாக இருந்தால் போதும்.

உங்கள் சட்டம் யோசனை சொல்வதற்கு மட்டுமே இடம் தந்தாலும் தயங்க வேண்டாம். கீழே வரும் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே போதும்.

2. ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

எல்லா வார்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போவது எங்குமே போகாததற்குச் சமம். தீவிர சிகிச்சைப் பிரிவு, சிறுநீரக நோயாளிகள், பல மருந்து சாப்பிடும் முதியவர்கள், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் என்று மருந்தாலேயே ஆபத்து அதிகமாக இருக்கும் இடமாக ஒன்றைப் பிடியுங்கள். தேர்வு செய்யுமுன் அந்த வார்டின் பொறுப்புச் செவிலியரிடம், "எந்த மருந்து வந்தா உங்களுக்குப் பதற்றமா இருக்கு?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் முதல் இரண்டு பதில்களில் உங்கள் முதல் மாத வேலை இருக்கிறது.

நிர்வாகத்துக்கு ஒரு வார்த்தை: அதே ஆளை மருந்து வழங்கும் வேலையிலும் அதே நேரத்தில் போடாதீர்கள். ரவுண்ட்ஸ் நடுவே மருந்தகத்துக்குக் கூப்பிட்டு அனுப்பப்படும் மருந்தாளுநர் இரண்டு இடத்திலும் பயன்பட மாட்டார். கேஸ் ஷீட்டையும் லேப் ரிப்போர்ட்டையும் அவர் நேரடியாகப் பார்க்க முதல் நாளே அனுமதி கொடுத்துவிடுங்கள்.

3. முதல் வாரம்: வார்டின் கடிகாரத்தைப் பழகுங்கள்

ரத்தப் பரிசோதனை முடிவுகள் எத்தனை மணிக்கு வருகின்றன, ரவுண்ட்ஸ் எப்போது தொடங்குகிறது, செவிலியர்கள் மருந்து தரும் வேளைகள் எவை, டிஸ்சார்ஜ் எழுதுவது எப்போது என்று எல்லாவற்றையும் கவனியுங்கள். இந்த நேரங்களுக்குத் தக்கபடி உங்கள் வேலையை அமைத்துக்கொள்ளாவிட்டால், எவ்வளவு நல்ல யோசனையும் தாமதமாகத்தான் போய்ச் சேரும்.

இந்த வாரத்தில் செவிலியர்களோடு நிறைய நேரம் இருங்கள். மருந்து உண்மையில் உடம்புக்குள் போகும் இடம் அவர்கள் கை. வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயினை டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலில் கலந்தால் படிகமாகப் படிந்துவிடும், சாதாரண சலைனில்தான் கலக்க வேண்டும்; மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரையைப் பொடித்து மூக்குக் குழாயில் விட்டால் முழு நாளுக்கான மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும்; பிறந்த குழந்தைக்குக் கால்சியம் கலந்த திரவம் போகும்போது செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் கூடாது. இப்படிப்பட்ட கேள்விகள் அவர்களுக்கு நாள்தோறும் வரும். கேட்க யாரும் இருப்பதில்லை. நீங்கள் அங்கேயே இருந்து பதில் சொன்னால், மூன்றாம் நாள் அவர்களே உங்களைத் தேடி வருவார்கள். டாக்டர்களிடம் உங்களைப் பற்றி நல்லபடியாக முதலில் சொல்லப்போகிறவர்களும் அவர்கள்தான்.

தெரியாததை அந்த இடத்திலேயே ஊகித்துச் சொல்லாதீர்கள். "பார்த்துட்டு ஒரு மணி நேரத்துல சொல்றேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி ஒரு மணி நேரத்துக்குள் சொல்லுங்கள்.

4. நோயாளி உண்மையில் எதைச் சாப்பிடுகிறார்?

குழுவில் வேறு யாரும் பொறுமையாகச் செய்ய நேரமில்லாத வேலை இது. நீங்கள் முழுமையாக எடுத்துக்கொள்ள வேண்டிய வேலையும் இதுவே. நோயாளி வார்டுக்கு வந்து 24 மணி நேரத்துக்குள், வீட்டில் அவர் எடுத்துவந்த மருந்துகளின் முழுப் பட்டியலைத் தயார் செய்யுங்கள். குறைந்தது இரண்டு வழிகளிலாவது உறுதிப்படுத்துங்கள்: நோயாளி சொல்வது, பழைய சீட்டு, கையோடு கொண்டுவந்த அட்டைகள், வீட்டில் மருந்து எடுத்துக்கொடுப்பவர், வழக்கமாக வாங்கும் மருந்துக்கடை.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்றால் "இல்லை" என்றுதான் பதில் வரும். வலிக்கு வாங்கிப் போட்டுக்கொள்வதை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. "முழங்கால் வலிச்சா என்ன போட்டுக்குவீங்க?", "தூக்கம் வரலைன்னா?", "வயிறு எரிஞ்சா?" என்று உடம்பை வைத்துக் கேளுங்கள். கண் சொட்டு மருந்து, இன்ஹேலர், தோலில் ஒட்டும் பட்டை, வாரம் ஒருமுறை போடும் ஊசி, கருத்தடை மாத்திரை, மூலிகைப் பொடி என ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "போன மாசம் எதையாவது நிறுத்தினீங்களா?" என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். நிறுத்தியதற்கான காரணத்தைச் சொல்லும்போது மனிதர்கள் மனம் திறப்பார்கள்.

ஓர் உதாரணம். ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், கால் வீக்கத்துக்கு ஃப்யூரோசமைடு எடுக்கும் முதியவர் ஒருவர், கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு; சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் கூடும்) ஏறியதால் சேர்க்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சீட்டில் இருப்பவை இந்த இரண்டு மட்டுமே. முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டதும், இரண்டு வாரமாகத் தானே வாங்கி டைக்ளோஃபெனாக் போட்டுக்கொள்வதைச் சொல்கிறார். இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை மூன்று பக்கத்திலிருந்தும் நெருக்கிவிடும். ஒரு கேள்வி கேட்கப்படாமல் போயிருந்தால், இதற்காக இன்னும் எத்தனை பரிசோதனைகள் எழுதியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒவ்வாமையையும் இதே கவனத்தோடு கேட்க வேண்டும். "பெனிசிலின் ஒத்துக்காது" என்று எழுதியிருந்தால் அதோடு விட்டுவிடாமல், என்ன ஆனது, எத்தனை வயதில், மருந்து போட்டு எவ்வளவு நேரத்தில் என்று விசாரித்து எழுதுங்கள். அப்படிப் பதிவாகியிருப்பவர்களைப் பரிசோதித்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது பேருக்கு உண்மையான ஒவ்வாமை இருப்பதில்லை. அந்த ஒரு வரியால் அவர்களுக்குத் தேவையில்லாமல் வேறு ஆன்டிபயாடிக் போய்க்கொண்டிருக்கும். விசாரித்ததை எழுதுவது உங்கள் வேலை. அந்த ஒவ்வாமைக் குறிப்பை நீக்குவதா, பரிசோதிப்பதா என்பது குழு சேர்ந்து எடுக்கும் முடிவு.

பட்டியல் தயாரானதும் வார்டில் எழுதப்பட்ட மருந்துகளோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். விடுபட்டது, டோஸ் மாறியது, புதிதாக வந்தது என ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் பக்கத்தில் ஒரு கேள்வி: இது தெரிந்து செய்ததா, தெரியாமல் விட்டதா? பதில் தெரியாதவற்றை மட்டும் டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

5. ரவுண்ட்ஸுக்கு முந்தைய ஒரு மணி நேரம்

லேப் முடிவுகளை முதலில் பாருங்கள்: கிரியாட்டினின், பொட்டாசியம், ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதன் அளவு), கல்ச்சர் (என்ன கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்ற சோதனை). பிறகு மருந்துப் பட்டியலுக்கு வந்து, ஒவ்வொரு மருந்துக்கும் காரணம் தேடுங்கள். காரணமே கிடைக்காத மருந்து ஒன்றாவது பெரும்பாலான பட்டியல்களில் இருக்கும். அம்லோடிபின் கணுக்காலை வீங்கச் செய்கிறது. வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை வருகிறது. அதனால் யூரிக் அமிலம் ஏறி மூட்டு வலிக்கிறது. அதற்கு இன்னொரு மாத்திரை. பக்கவிளைவைப் புது நோயென்று எடுத்துக்கொண்டு மருந்துக்கு மேல் மருந்து எழுதும் இந்தத் தொடரைப் பின்னோக்கிப் படித்து முதல் கண்ணியைக் கண்டுபிடிக்க, மருந்தை மட்டுமே பார்த்துப் பழகிய கண் வேண்டும். உங்களுக்கு இருப்பது அது.

கிரியாட்டினின் "நார்மல்" என்று வந்தாலும் கணக்குப் போடுங்கள். 80 வயது, 45 கிலோ எடை, கிரியாட்டினின் 1.0 உள்ள ஒரு பெண்மணி. 140-லிருந்து வயதைக் கழித்தால் 60. அதை எடையால் பெருக்கி, 72-ஐக் கிரியாட்டினினால் பெருக்கி வரும் எண்ணால் (இங்கே 72) வகுத்து, பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்கினால், சிறுநீரகம் சுத்திகரிக்கும் திறன் நிமிடத்துக்கு ஏறத்தாழ 32 மில்லிதான். ரிப்போர்ட்டில் சிவப்பு நிறமே இருக்காது. ஆனால் 50-க்குக் கீழே போனாலே லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கின் டோஸை மாற்ற வேண்டும். 1976 முதல் புழக்கத்தில் இருக்கும் இந்தச் சூத்திரத்தை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நோயாளிக்கு ஏழு குறிப்பு கிடைத்தாலும் ரவுண்ட்ஸில் இரண்டுக்கு மேல் பேச வேண்டாம். உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்தானதும், இன்று முடிவெடுத்தாக வேண்டியதும் முதலில். மற்றவற்றைப் பிற்பகலில் பயிற்சி மருத்துவரோடு உட்கார்ந்து பேசலாம். எல்லாவற்றையும் ஒரே குரலில் சொல்பவரின் அவசரச் சொல் யார் காதிலும் ஏறாது.

6. சொல்லும் முறை

"இந்த ரெண்டு மருந்தும் சேரக்கூடாது டாக்டர்." இப்படிச் சொன்னால் டாக்டரிடம் ஒரு பிரச்சினையைத்தான் கொடுக்கிறீர்கள். அவர் அடுத்து என்ன செய்ய வேண்டும்? அதையும் சேர்த்தே கொண்டுபோங்கள். இப்படி:

"டாக்டர், 12-ம் படுக்கை. வலிப்புக்கு வால்ப்ரோயேட் போயிட்டிருக்கு. நேத்து ராத்திரி மெரோபெனம் ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சிருக்கோம். இது சேர்ந்தா ஒண்ணு ரெண்டு நாள்லயே வால்ப்ரோயேட் அளவு வெகுவா இறங்கிடும், டோஸ் கூட்டினாலும் ஏறாது. செஃப்ட்ரியாக்சோனுக்கே கிருமி கட்டுப்படும்னு காலைல கல்ச்சர் வந்திருக்கு. அதுக்கு மாத்தலாமா? மெரோபெனம்தான் வேணும்னா, அதுவரைக்கும் வலிப்புக்கு லெவெடிரசெட்டம் சேர்த்துக்கலாம். சிறுநீரகத்துக்கு ஏத்த டோஸ் கணக்குப் போட்டு வச்சிருக்கேன்."

யார், என்ன நடக்கிறது, அதனால் என்ன ஆகும், நான் சொல்லும் வழி என்ன, அது முடியாவிட்டால் மாற்று என்ன என்று எல்லாம் அரை நிமிடத்துக்குள் வந்துவிட்டது. சூழல், பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற இந்த வரிசை அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவத்துக்கு வந்தது. மேலதிகாரியிடம் கீழே இருப்பவர் தயங்காமல் சொல்லி முடிக்க வேண்டிய இடங்களுக்கு ஏற்ற முறை என்பதால்தான் அது மருத்துவமனையிலும் நிலைத்தது.

நோயாளியின் காதில் விழும்படி திருத்தம் சொல்லாதீர்கள். படுக்கையிலிருந்து நாலடி தள்ளிப் பேசலாம். டாக்டர் மறுத்தால் காரணம் கேளுங்கள். பாதி நேரம் உங்களுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த நோயாளியின் கடந்த வருடத்து மோசமான அனுபவம் சீட்டில் இருக்காது, அவர் நினைவில் இருக்கும்.

ஆனால் விட்டுக்கொடுக்கக்கூடாத இடம் ஒன்று உண்டு. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை தர வேண்டிய மெத்தோட்ரெக்சேட் தினமும் என்று எழுதப்பட்டிருந்தால், அது உயிரைப் பறிக்கக்கூடிய பிழை. "எனக்கு இதுல கவலையா இருக்கு" என்று முதலில் சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால், "இது நோயாளிக்குப் பாதுகாப்பில்லை, நிறுத்திட்டுப் பார்க்கணும்" என்று இரண்டாம் முறை தெளிவாகச் சொல்லுங்கள். அப்போதும் இல்லையென்றால் மூத்த மருத்துவரிடம் போங்கள், மருந்து கையை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வழி யாருக்கும் அதிர்ச்சியாக இல்லாதிருக்க, முதல் படியில் சொன்ன அந்த ஒரு பக்கத் தாளிலேயே இதை எழுதி வையுங்கள்.

தலைமை மருத்துவர் செய்யக்கூடிய உதவி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு படுக்கையிலும் நகருமுன், "மருந்துல ஏதாவது இருக்கா?" என்று மருந்தாளுநரைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்தால் வார்டில் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிடும்.

7. எழுதுங்கள், மறுநாள் திரும்பிப் பாருங்கள்

வாயால் சொன்னது ஷிஃப்ட் மாறும்போது காணாமல் போய்விடும். மற்றவர்கள் எழுதும் அதே கேஸ் ஷீட்டில், தேதி, நேரத்தோடு மூன்று நான்கு வரி எழுதுங்கள். என்ன கண்டது, என்ன சொன்னது, யார் ஒப்புக்கொண்டது, எதை எப்போது பார்க்க வேண்டும். "தவறாக எழுதப்பட்டது" போன்ற சொற்களுக்கு அங்கே இடமில்லை.

மறுநாள் காலை, நீங்கள் சொல்லி மாற்றிய ஒவ்வொன்றையும் நீங்களே போய்ப் பாருங்கள். வான்கோமைசின் டோஸைக் குறைக்கச் சொன்னவர் நீங்கள் என்றால், அடுத்த ரத்த அளவு உங்கள் பொறுப்பு. கிருமி கட்டுப்படுகிறதா, காய்ச்சல் இறங்கியதா, கிரியாட்டினின் திரும்புகிறதா என்று டாக்டர் கேட்குமுன் உங்களிடம் பதில் இருக்கட்டும். என்னைக் கேட்டால், ஒரு மருந்தாளுநர் விருந்தாளி நிலையிலிருந்து குழுவின் ஆளாக மாறும் தருணம் இதுதான். யோசனை சொல்ல நிறையப் பேர் கிடைப்பார்கள். விளைவையும் சேர்த்துத் தன் தோளில் ஏற்றுக்கொள்பவர் அரிது.

8. வீட்டுக்கு அனுப்பும் நாள்

டிஸ்சார்ஜ் பட்டியலை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: புதிதாகத் தொடங்கியவை, டோஸ் மாறியவை, நிறுத்தியவை. மூன்றாவது பகுதிதான் பெரும்பாலும் விடுபடுகிறது. நிறுத்தச் சொன்னது தெரியாமல் வீட்டில் மிச்சமிருக்கும் பழைய அட்டையையும் சேர்த்துச் சாப்பிடுவார்கள். நிறுத்தியதற்கான காரணத்தை ஒரு வரியில் சேர்த்தால், அடுத்து பார்க்கும் டாக்டரும் அதைத் திரும்ப எழுத மாட்டார்.

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் தலையாட்டுவார்கள். "வீட்ல போய் எப்படிச் சாப்பிடப் போறீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்க" என்று கேளுங்கள். இன்ஹேலர் என்றால் உங்கள் முன்னாலேயே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். நீண்டகால நோய்க்கு மருந்து எடுப்பவர்களில், வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப் பேர்தான் சொன்னபடி எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-ல் சொன்னது. காரணம் அக்கறையின்மை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். விலை, பக்கவிளைவு, இரவு வேலை, அட்டையில் இருக்கும் எழுத்தைப் படிக்க முடியாத கண் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். கேட்டால்தான் தெரியும். இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு போன் செய்யுங்கள். வீட்டுக்குப் போன பிறகுதான் அவர்களுக்குச் சந்தேகம் வரும்.

9. கணக்கு வைப்பதும் அடுத்த வார்டும்

மாதம் ஒருமுறை குழுவுக்கு ஒரே பக்கத்தில் காட்டுங்கள். எத்தனை யோசனை சொன்னேன் என்ற எண்ணிக்கை மட்டும் போதாது. அவற்றில் எவை நோயாளியைப் பாதிப்பிலிருந்து காத்தன, எந்த மருந்தில் ஒரே மாதிரிப் பிரச்சினை திரும்பத் திரும்ப வருகிறது என்பது தெரிய வேண்டும். டாக்டர்களின் பெயர் அதில் எங்குமே வரக் கூடாது. ஒரே பிழை பத்து முறை வந்தால் அது ஆளின் குறை இல்லை, முறையின் குறை. அச்சிட்ட சீட்டையோ மருந்து அடுக்கும் இடத்தையோ மாற்றினால் தீரும்.

முதல் வார்டு நன்றாக நடக்கத் தொடங்கியதும் இரண்டாவதுக்குக் கூப்பிடுவார்கள். ஒப்புக்கொள்ளுமுன் ஒன்றைப் பாருங்கள்: நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளில் இந்த வார்டின் மருந்துப் பட்டியலை யார் பார்க்கிறார்கள்? யாரும் இல்லை என்றால், முதலில் இன்னொரு மருந்தாளுநரை உங்களோடு ரவுண்ட்ஸுக்கு அழைத்துப் போய்ப் பழக்குங்கள். அவர் தனியாக நின்று பேசும் அளவுக்கு வந்த பிறகு அடுத்த வார்டின் பொறுப்புச் செவிலியரிடம் போய், எந்த மருந்து அவருக்குப் பதற்றம் தருகிறது என்று கேளுங்கள்.